எண்ணெய் படாத தட்டு

நாலு மாடிக்கு இரும்பு பீரோவை ஒற்றை ஆளாக முதுகில் ஏற்றிக் கொண்டுபோய் வைத்த மனிதர், தன் வீட்டுக் குளியலறையில் ஒரு சோப்புத் துண்டில் கால் வைத்து விழுந்தார். யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லி வைத்தவர்கள், எதில் சறுக்கும் என்று சொல்லாமல் போய்விட்டார்கள்.

அந்த பீரோவைச் சுமந்த நாளிலிருந்து அவருக்குப் பெயரே பீரோதான். வீடு மாற்றித் தரும் கம்பெனியில் பதினாறு வருடமாகச் சுமைவேலை. இடது கால் எலும்பு முறிந்து, பத்து வாரம் மாவுக்கட்டில் கிடந்து, கட்டைப் பிரித்துப் பார்த்தால் வலது தொடை பழையபடி தூணாக இருக்கிறது, இடது தொடை வற்றிப்போய்க் கிடக்கிறது. ஒரு கால் அப்பாவுடையது, இன்னொன்று பிள்ளையுடையது என்று சொல்லலாம் போல.

கம்பெனி டாக்டர் முட்டிக்கு மேலே ஒரு சாண் அளந்து பேனாவால் கோடு போட்டார். அந்த இடத்தில் டேப்பைச் சுற்றினார். இரண்டு தொடைக்கும் நாலரை சென்டிமீட்டர் வித்தியாசம்.

"பன்னிரண்டு வாரம் கழிச்சு வாங்க. ரெண்டு சென்டிமீட்டருக்குள்ள வந்திருந்தா படியேறிச் சுமக்கலாம். வரலைன்னா கிடங்குல உட்கார்ந்து பெட்டிக்குச் சீட்டு ஒட்டுற வேலை தருவாங்க. சம்பளம் அதேதான், கவலைப்படாதீங்க" என்றார் டாக்டர்.

"சீட்டு ஒட்டுறதா? அதுக்கு நாக்கு போதுமே டாக்டர், நான் எதுக்கு?" என்றார் பீரோ. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வாயைத் திறக்கவில்லை.

கூட வந்த மனைவிக்கு அது புரிந்தது. படியில் பெரிய சாமான் ஏற்றும்போது இரண்டு பேர் வேண்டும். மேலே நின்று பின்பக்கமாக ஏறுகிறவன் மேல்பிடி. கீழே நின்று பாரத்தைத் தாங்கித் தள்ளுகிறவன் கீழ்ப்பிடி. கீழ்ப்பிடிக்காரன் கால் தளர்ந்தால் குளிர்பெட்டியும் போச்சு, ஆளும் போச்சு. பதினாறு வருடமும் பீரோ கீழ்ப்பிடி. அவர் கீழே நிற்கிறார் என்றால் மேலே நிற்கிற கூட்டாளி நெட்டை கண்ணை மூடிக்கொண்டு ஏறுவான். அந்த நம்பிக்கைக்குத்தான் இப்போது நாலரை சென்டிமீட்டர் பள்ளம் விழுந்திருந்தது.

மனைவியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அவள் சமையல் எண்ணெய் ஆலையில் மோந்து, ருசி பார்த்துச் சொல்கிறவள். ஆலையில் அவளுக்கு மூக்குக்காரி என்று பெயர். பூ வைக்க மாட்டாள், வாசனைப் பொடி போட மாட்டாள், தலைக்கு எண்ணெய்கூட ஞாயிற்றுக்கிழமைதான். வேலைக்கு உட்காருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் காபியும் கிடையாது. வெள்ளையடித்த ஒரு அறை. மேசையில் மூடி போட்ட சின்னக் கண்ணாடிக் கிண்ணங்கள். ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி, மூடியைத் திறந்து, ஒரே இழுப்பு. பிறகு ஒரு சொட்டு நாக்கில் வைத்துத் துப்பிவிட்டு, ஆப்பிள் துண்டு ஒன்றைக் கடித்து வாயைச் சுத்தம் செய்துகொண்டு அடுத்தது. எந்தப் பீப்பாய் போன மாத வெயிலில் நின்றது, எது பழைய வித்தில் ஆட்டினது, எது காறத் தொடங்கிவிட்டது என்று சொல்லிவிடுவாள். எண்ணெய் கெட்டுப்போய் வரும் அந்தக் கசந்த வாடையைத்தான் காறல் என்பது. அவள் 'காறல்' என்று எழுதினால் அந்தப் பீப்பாய் ஆலையை விட்டு வெளியே போகாது.

வீட்டுக்கு வந்ததும் மூக்கைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவாள். அது அவளே வைத்திருந்த சட்டம். "எட்டு மணி நேரம் மோந்தாச்சு, இனிமே எதையும் என்கிட்ட மோந்து பாக்கச் சொல்லாதீங்க" என்பாள். பால் கெட்டதா என்று பார்ப்பதுகூட பீரோவின் வேலை.

இந்த வீட்டுக்குள் ஒரு சீட்டு வந்தது. கொண்டுவந்தவன் அவளுடைய தம்பி. உடற்பயிற்சிக் கூடத்தில் ஆட்களைப் பழக்குகிறவன். மாமா மேல் உயிரையே வைத்திருப்பவன்.

"மாமா, பன்னிரண்டு வாரம் உங்க காலை என்கிட்ட விட்டுருங்க. பயிற்சி என் பொறுப்பு. சாப்பாடு இந்தச் சீட்டு" என்று குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினான்.

வேகவைத்த கோழி நெஞ்சு. முட்டையில் வெள்ளைக் கரு மட்டும், ஆறு. வேகவைத்த காய். நிறுத்துப் போட்ட சோறு. எல்லாவற்றுக்கும் கீழே கொட்டை எழுத்தில் 'எண்ணெய், வெண்ணெய், நெய்' என்று எழுதி, அதற்கு நேரே ஒரு பெரிய பூஜ்யம். அந்தப் பூஜ்யமே ஒரு முட்டை அளவு இருந்தது.

"ஏண்டா, ஒரு சொட்டுகூடவா கூடாது?" என்றாள் அக்கா.

"கூடாதுக்கா. கொழுப்பு தின்னா கொழுப்புதான் வரும்."

"அப்போ கோழி தின்னா இறக்கை வருமா?"

"அக்கா, உனக்கு எண்ணெய் ஆலைப் பாசம். அதை வீட்டு வாசல்லயே விட்டுட்டு வா."

பீரோ எள் என்றால் எண்ணெயாக நிற்கிற மனிதர். அன்றே அடுப்படியில் இருந்த எண்ணெய்ப் பாட்டில்களை எல்லாம் பெட்டியில் போட்டு, டேப் ஒட்டி, பரண் மேல் ஏற்றிவிட்டார். வீடு மாற்றும் கம்பெனிக்காரர் கட்டிய பெட்டி. ஒரு சொட்டு சிந்தவில்லை. ஊருக்கெல்லாம் எண்ணெய் தேர்ந்தெடுத்துச் சொல்கிறவள் வீட்டில் வாணலிக்கு நனைக்க எண்ணெய் இல்லை.

தினம் மிச்சமாகும் ஆறு மஞ்சள் கருவை என்ன செய்வது? பக்கத்து வீட்டுப் பூனைக்கு வைத்தாள். நாலு வாரத்தில் அந்தப் பூனையின் உடம்பு பளபளவென்று, தோளும் தொடையும் திரண்டு, ஒரு தெருவையே ஆளுகிற நடை நடக்க ஆரம்பித்தது. பயிற்சி எடுக்காத பூனை அது.

பயிற்சி எடுத்த மனிதர் சுருங்கிக்கொண்டு வந்தார். உதடு வெடித்தது. தோல் வெள்ளை பூத்தது. சாப்பிட்டு எழுந்த அரை மணியில் பசி. எதற்கெடுத்தாலும் சிடுசிடுப்பு. வெயில் அடிக்கிற மத்தியானத்திலும் போர்வை கேட்டார். நாலாவது வாரக் கடைசியில் மூக்குக்காரி தானே டேப்பை எடுத்து அளந்தாள். நாலேகால். ஒரு மாதத்துக்குக் கால் சென்டிமீட்டர்! இதிலும் பாதி, தடித்த கால் இளைத்ததால் வந்த லாபம் போலிருந்தது.

தம்பியிடம் பேசினாள். அவன் கேட்கவில்லை. கணவரிடம் பேசினாள். "உன் தம்பி அதுலயே பொழைக்கிறவன். அவனுக்குத் தெரியாததா?" என்றார். இன்னும் எட்டு வாரம் இருந்தது.

மறுநாள் ஆலையிலிருந்து வரும்போது அவள் பையில் ஒரு பாட்டில் இருந்தது. நன்றாகச் சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெய். அவளுக்கு அதன் மேல் மரியாதை கிடையாது. வாசனையும் இல்லை, ருசியும் இல்லை, நிறமும் அரைகுறை. "முகவரி இல்லாத ஆள்" என்பாள் அதை. இப்போது அவளுக்கு வேண்டியதும் முகவரி இல்லாத ஆள்தான். பாட்டிலைச் சலவைத்தூள் டப்பாவுக்குப் பின்னால் ஒளித்தாள். நாளைக்கு மூன்று சின்னக் கரண்டி, கணக்காக. சோற்றை வடித்ததும் அதில் ஒன்று. மசித்த காயில் ஒன்று. கோழித் துண்டுகளைப் பிரட்டி வைக்கும்போது ஒன்று. பூனைக்குப் போன ஆறு மஞ்சள் கருவில் இரண்டு திரும்பி வந்து காயோடு காயாக மசிந்தன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். எண்ணெயை மறைக்கலாம் என்று அவள் நினைத்தாள்.

முதல் நாள் சாப்பிட்டுவிட்டு பீரோ, "இன்னைக்குச் சோறு தொண்டையில நிக்காம இறங்குது" என்றார்.

"அரிசி புதுசு" என்றாள்.

கட்டைப் பிரித்து வீட்டில் இருக்கிற நாள் முதலாகப் பாத்திரம் கழுவுவது அவர் பொறுப்பு. தட்டை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போனார். கொஞ்சம் அதிக நேரம் கழுவினார். அதை அவள் கவனிக்கவில்லை.

அந்த வாரமே இன்னொன்று ஆரம்பித்தது. சாயங்காலம் வேலை முடிந்து கதவைத் திறந்தால் வீட்டில் ஒரு வாடை. லேசாகத்தான். பலமுறை காய்ச்சிக் கறுத்துப்போன எண்ணெயின் வாடை. மாட்டி வைத்த மூக்கு, ஆணியிலிருந்து தானாக இறங்கி வந்து முகத்தில் உட்கார்ந்துகொண்டது.

வேறு யாராக இருந்தாலும் "என்ன, இங்க பொரிச்ச வாடை அடிக்குது?" என்று கேட்டிருப்பார்கள். அவளால் கேட்க முடியவில்லை. முதலாவது, மடியில் கனம். இரண்டாவது, தான் ஒளித்த பாட்டில்தான் காறிவிட்டதோ என்று பயம். அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து எடுத்து மோந்து பார்த்தாள். சுத்தமாக இருந்தது. நம்பிக்கை வரவில்லை, ஆலைக்குத் திருப்பி எடுத்துப்போய்க் கழிவில் கொட்டிவிட்டு வேறு கொண்டுவந்தாள். வாடை போகவில்லை. சரி, வேலைச் சட்டையிலிருந்து வருகிறது என்று சட்டையைத் துவைத்தாள். ஜன்னல் திரையைத் துவைத்தாள். திரை காய்ந்து மாட்டிய மறுநாள் மறுபடி அதே வாடை, அதே திரையில்.

இப்போது அவளுக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. வாசம் பிடிக்கிறவர்களுக்கு வயது ஏற ஏற இல்லாத வாசம் இருப்பது போலத் தோன்றும் என்று ஆலையில் ஒரு பேச்சு உண்டு. மேற்பார்வை பார்க்கும் அம்மாளிடம் போய், "எனக்கு ஒரு பரீட்சை வையுங்க" என்றாள்.

அந்த அம்மாள் மூன்று மூன்று கிண்ணமாகப் பத்து வரிசை வைத்தார். ஒவ்வொரு வரிசையிலும் இரண்டு ஒன்று போல, ஒன்று மட்டும் வேறு. பத்திலும் சரியாக எடுத்தாள் மூக்குக்காரி.

"உன் மூக்குக்கு ஒண்ணும் இல்ல. எனக்கு வேணும்னா குடுத்துட்டுப் போ" என்றார் அம்மாள்.

வேலையில் உண்மை பேசுகிற மூக்கு வீட்டில் மட்டும் பொய் சொல்லுமா? சொல்கிறது போலிருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டாள். பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிற மனிதர் மேல் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. சொந்தக்காரர் வீட்டு விருந்தில் வெண்ணெய் தடவிய ரொட்டியைக் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பியவர் அவர்.

ஏழாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை காலை. தம்பி டேப்போடு வந்தான். அன்றைக்கு நெட்டையும் வந்திருந்தான். வாசல் நிலையில் குனிந்துதான் உள்ளே வருவான், அவ்வளவு உயரம். கூடத்தில் நாற்காலி போட்டு மாமாவை நிற்க வைத்து, தம்பி தொடையை அளந்தான்.

"மூணரை! அக்கா, பாத்தியா? மூணு வாரத்துல முக்கால் குறைஞ்சிருக்கு. பூஜ்ய எண்ணெய்! நான் சொல்லல? கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு எழுதின சீட்டுக்கா அது. நாளைக்கே நம்ம பயிற்சிக் கூடத்துச் சுவர்ல மாமா போட்டோவை மாட்டி, கீழ இந்தச் சீட்டையும் ஒட்டப் போறேன்."

மூக்குக்காரி அந்தச் சுவரை நினைத்துப் பார்த்தாள். தன் கணவருக்குச் செய்த கள்ளத்தனம் வேறு. அங்கே ஒட்டிய சீட்டைப் பார்த்து ஊரில் நாற்பது பேர் எண்ணெயைப் பரணில் ஏற்றினால்? பேச வாயெடுத்தாள். அதற்குள் தம்பி உற்சாகத்தில் டேப்பை மாமாவின் இடுப்பில் சுற்றினான். சுற்றியவன் அப்படியே நின்றான். அவிழ்த்து மறுபடி சுற்றினான்.

"மாமா, மூச்சை இழுத்துப் பிடிங்க."

"பிடிச்சுக்கிட்டுத்தாண்டா இருக்கேன்."

"அஞ்சு சென்டிமீட்டர் ஏறியிருக்கு!"

"பழைய டேப்பா இருக்கும், மாப்ள."

"பழைய டேப்பு தொடையில மட்டும் சரியா வேலை செய்யுமா? அக்கா, எண்ணெயே இல்லாத சாப்பாட்டுல தொப்பை எங்கருந்து வருது?"

நெட்டை ஜன்னல் பக்கம் திரும்பி, தெருவில் ஏதோ அதிசயம் நடப்பதுபோல் பார்க்க ஆரம்பித்தான்.

மூக்குக்காரி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "நான்தாண்டா. மூணு வாரமா உங்க மாமா சாப்பாட்டுல எண்ணெய் கலக்குறேன். மூணு கரண்டி. முட்டை மஞ்சளும் போடுறேன்." பிறகு கணவரைப் பார்த்து, "உங்களை ஏமாத்திட்டேங்க. நீங்க வாடிப்போறதைப் பாத்துக்கிட்டு என்னால சும்மா இருக்க முடியல" என்றாள்.

பீரோ அவளைப் பார்த்தார். கோபம் வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் முகத்தில் ஏதோ அசடு வழிந்தது.

"எனக்கு முதல் நாளே தெரியும்மா" என்றார்.

"எப்படி? வாசனையே கிடையாதே அந்த எண்ணெயில!"

"வாசனை எதுக்கு? தட்டு கழுவுறது யாரு? எண்ணெய் படாத தட்டு வெறும் தண்ணியில போயிரும். நாலு வாரமா சோப்பு இல்லாம கழுவிட்டிருந்தேன். அன்னைக்குத் தண்ணி ஊத்தினா தட்டுல முத்து முத்தா உருளுது. சோப்பைத் தேடி எடுத்தேன். ஏற்கெனவே ஒரு தடவை அதுகிட்ட பாடம் படிச்சவன் இல்லையா நான்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"நல்லா இருந்துச்சு. சொன்னா நிறுத்திடுவியோன்னு பயம்."

தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். ஆனால் அவனுக்குக் கணக்கு நன்றாக வரும். "இரு இரு. மூணு சின்னக் கரண்டிக்கும் ரெண்டு மஞ்சளுக்கும் மூணு வாரத்துல இடுப்பு அஞ்சு ஏறாது. வேற ஏதோ இருக்கு."

நெட்டை ஜன்னல் திரைக்குள் ஏறக்குறைய நுழைந்தேவிட்டான்.

திரை. மூக்குக்காரி எழுந்தாள். நேராகப் போய்த் திரையைப் பிடித்து மூக்கில் வைத்து ஒரே இழுப்பு. பிறகு நெட்டையின் சட்டைக் கையைப் பிடித்து இன்னொரு இழுப்பு. அந்த வீட்டில் இத்தனை வருடத்தில் முதல் தடவையாக எல்லார் முன்னாலும் அவள் மூக்கு வேலை செய்தது.

"கோழிக்கால். மாவுல தோய்ச்சுப் பொரிச்சது. எண்ணெய் நாலஞ்சு நாள் பழசு. மேல மேலப் புது எண்ணெய் ஊத்திக் காய்ச்சியிருக்கான், சட்டியை மாத்தவே இல்ல."

"அண்ணி, கடைக்காரன் பேரையும் சொல்லிருவீங்க போல" என்றான் நெட்டை பரிதாபமாக.

விஷயம் இதுதான். மத்தியான இடைவேளையில் நெட்டை கூட்டாளியைப் பார்க்க வருவான். கிடங்குக்குக் கீழே ஒரு பொரிக்கிற கடை. வெறுங்கையோடு வரலாமா என்று அவன் ஒரு பொட்டலம் கொண்டுவருவான். இரண்டு பேரும் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, காகிதத்தை நெட்டையே திரும்பக் கொண்டுபோய்விடுவான். முதல் நாள் அவர் வேண்டாம் என்றுதான் சொன்னாராம். அப்புறம், வீட்டிலேயே எண்ணெய் வந்துவிட்டது, விரதம் கலைந்துவிட்டது, இனி ஒரு கோழிக்காலில் என்ன என்று மனம் சமாதானம் சொல்லிக்கொண்டதாம்.

"தினமுமா?"

"ஞாயிற்றுக்கிழமை இல்ல" என்றார் பீரோ.

"நான் மூக்கு போச்சுன்னு ஆலையில போய்ப் பரீட்சை எழுதிட்டு வந்தேன். திரையைக் கழற்றித் துவைச்சேன். ஒரு நல்ல பாட்டிலைக் கழிவுல கொட்டினேன்!" அவள் குரல் உடைந்தது. அழுகிறாளோ என்று மூன்று ஆண்களும் பயந்தார்கள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். மூக்கு பொய் சொல்லவில்லை என்ற நிம்மதி அந்தச் சிரிப்பில் பாதி.

பீரோ மெதுவாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "எனக்குக் கிடங்குல சீட்டு ஒட்டப் பயமா இருக்கு. பயத்துல வாய் கேக்க மாட்டேங்குது" என்றார். இத்தனை வாரத்தில் அதை அவர் வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான்.

அவள் அவருடைய இடது தொடையின் மேல் கை வைத்தாள். பேனாக் கோடு அழிந்து அழிந்து திரும்பப் போட்டதில் அங்கே நீலமாக ஒரு தழும்பே உண்டாகியிருந்தது.

தம்பி குளிர்பெட்டிக் கதவில் இருந்த சீட்டைக் கழற்றி எடுத்தான். "அக்கா, இது எங்கருந்து எடுத்தேன்னு சொல்லட்டுமா? மேடையில ஏறி உடம்பு காட்டுற போட்டிக்காரங்களுக்கு, கடைசி வாரத்துல குடுப்பாங்க. தசை ஏற்கெனவே வளர்ந்திருக்கும். தோல் ஒட்டித் தெரியணும், அதுக்கு மட்டும். அதுவும் ஒரு வாரம்தான். மேடை ஏறுறவனுக்கு எழுதினதை மாடி ஏறுறவருக்குக் குடுத்துட்டேன். நான் ஒரு விளக்கெண்ணெய்."

"விளக்கெண்ணெயைக் குறை சொல்லாதே. அதுக்கு ஒரு வேலை இருக்கு" என்றாள் அக்கா. "பயிற்சி நீ குடுத்ததுதாண்டா காலை வளர்த்துச்சு. அதுல குறை இல்ல. நெட்டை, உனக்கு உயரம் இருக்குல்ல, பரண்ல இருந்து அந்தப் பெட்டியை இறக்கு."

அப்புறம் அந்த மேசையில் நடந்ததை ஆலைக்காரர்கள் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். மருந்துக் கிண்ணங்களில் ஒவ்வொரு எண்ணெயாக ஊற்றி, தட்டு போட்டு மூடி, மூன்று ஆண்களையும் வரிசையாக உட்கார வைத்து, நடுவில் ஆப்பிள் அரிந்து வைத்தாள் மூக்குக்காரி. பரணில் கிடந்ததில் ஒன்று காறியிருந்தது. அதை முதலில் மோக்கக் கொடுத்தாள்.

"நல்லாத்தானே இருக்கு" என்றான் தம்பி.

"அட்டைப்பெட்டி வாசம் வரல? பழைய கொட்டையைக் கடிச்ச மாதிரி? இன்னொரு தடவை இழு."

இழுத்தான். முகம் சுளித்தது. "ஆமாக்கா!"

"அதான். திறந்த பாட்டில், பரண் சூடு. எவ்வளவு நல்ல எண்ணெயா இருந்தாலும் வெளிச்சத்துலயும் சூட்டுலயும் வெச்சா கெட்டுப்போயிரும். சின்ன பாட்டிலா வாங்கணும், இருட்டுல வைக்கணும்."

பிறகு கடலை எண்ணெய். "இது வாணலிக்கு. சூடு தாங்கும். புகைய விடாம அடுப்பைக் குறைக்கணும், அவ்வளவுதான்." நல்லெண்ணெய், கடைசியில் சோற்றிலோ காயிலோ வாசனைக்கு அரைக் கரண்டி. ஆலிவ் எண்ணெய், பச்சையாகக் காய் மேல் ஊற்ற. அதைத் தொண்டையில் இறக்கிய நெட்டை இருமினான். "இருமினா அது நல்ல எண்ணெய். அந்தக் காரம்தான் புதுசுங்கிறதுக்கு அடையாளம்" என்றாள். கடைசியாக, குளிர்பெட்டி மூலையில் மிச்சமிருந்த ஒரு சின்ன வெண்ணெய்க் கட்டி.

"இது?" என்றார் பீரோ, கண் மின்ன.

"இது ஆசைக்கு. ரொட்டியில ஒரு தடவு. தினமும் இது கூடாது, தினத்துக்கு அந்த மூணும்தான். முட்டையில மஞ்சளும் சேர்த்து மூணு முழு முட்டை. வாரத்துல ரெண்டு நாள் கொழுப்புள்ள மீன். மத்தியானம் ஒரு கைப்பிடி கடலை, நெட்டை வாங்கிட்டு வரட்டும், வறுத்தது, பொரிச்சது இல்ல."

"அளவு?" என்றான் தம்பி. இப்போது பேனாவும் காகிதமும் அவன் கையில் இருந்தன.

"வாணலி, சோறு, காய் எல்லாம் சேர்த்து நாளைக்கு நாலு சின்னக் கரண்டி. கண்ணளவு கிடையாது, கரண்டியாலதான். எண்ணெய் நல்லதுதான், ஆனா சுமை ஜாஸ்தி. ஒரு பெரிய கரண்டி எண்ணெய்க்குள்ள அரைக் கிண்ணம் சோறு ஒளிஞ்சிருக்கு. தசைக்குக் கோழியும் முட்டையும் செங்கல்னா, எண்ணெய் வேலைக்காரனுக்குக் குடுக்கற சாப்பாடு. குடுக்கலைன்னா கட்டமாட்டான். அளவு மீறிக் குடுத்தா படுத்துத் தூங்குவான்."

"எங்க தூங்குறான்னு பாத்தாச்சே" என்று தம்பி மாமாவின் வயிற்றைத் தட்டினான்.

பழைய சீட்டு இருந்த இடத்தில் புதுச் சீட்டு ஏறியது. அதில் அந்தப் பெரிய பூஜ்யம் இல்லை. பக்கத்து வீட்டுப் பூனை மட்டும் இரண்டு நாள் வாசலில் வந்து நின்று கத்திவிட்டுப் போனது.

ஐந்து வாரம். காலையில் தம்பி வருவான். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, படி ஏறி இறங்குவது, பிறகு மணல் மூட்டையோடு அதே படி. உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உருண்டாலும் ஒட்டுவதுதான் ஒட்டும் என்று பீரோ சலித்துக்கொள்வார். "ஒட்டற வரைக்கும் உருளுங்க" என்பாள் மனைவி. உதட்டு வெடிப்பு ஆறியது. போர்வை அலமாரிக்குப் போனது. இடுப்பு மூன்று இறங்கியது. தொடை ஏறியது, ஆனால் அடம்பிடித்து ஏறியது. ஒரு வாரம் அசையவே இல்லை. அந்த வாரம் அவர் மறுபடி பேச்சைக் குறைத்துக்கொண்டார். ஆனால் மத்தியானம் நெட்டையின் கையில் வறுத்த கடலை மட்டும்தான் இருந்தது. தினமும் சாயங்காலம் திரையை மோந்து பார்த்துவிட்டுத்தான் அவள் செருப்பைக் கழற்றினாள். வீட்டில் மூக்குக்கு விடுமுறை என்ற சட்டம் ரத்தாகிவிட்டது.

அளக்கும் நாள் அவள் வேலைக்கு விடுப்புப் போடவில்லை. போட்டால் அவருக்குப் பயம் கூடும். ஆலையில் ஆறு கிண்ணம் பார்த்தாள். ஆறாவதில் என்ன எழுதினோம் என்று ஞாபகம் இல்லாமல் மறுபடி பார்த்தாள். சாயங்காலம் கதவைத் திறந்தபோது வீட்டில் கடலை எண்ணெய் மணந்தது. அவர் அடுப்படியில் நின்று முட்டை பொரித்துக்கொண்டிருந்தார். கரண்டியால் அளந்துதான் ஊற்றியிருந்தார். கரண்டி மேடையில் கிடந்தது.

"என்ன சொன்னாங்க?"

"ரெண்டு."

"ரெண்டுன்னா? உள்ளயா வெளியயா?"

"சரியா ரெண்டு. டாக்டர் மூணு தடவை அளந்தாரு. நான் மூச்சைப் பிடிச்சேன். 'ஏம்பா, தொடைக்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம், விடு'ன்னாரு."

"அப்புறம்?"

அவர் முட்டையைத் திருப்பிப் போட்டார். "உள்ளயும் இல்ல, வெளியயும் இல்ல. படி ஏறலாமாம். ஆனா மூணு மாசத்துக்குக் கீழ்ப்பிடி கிடையாது. மேல்பிடி. நெட்டை கீழ நிப்பான்."

அவள் அவர் முகத்தைத் தேடினாள். பதினாறு வருடம் பாரத்தைக் கீழே நின்று தாங்கியவர். மேலே நின்று பின்பக்கமாக ஏறுவது அவருக்கு இறக்கம்தான். பாதி வெற்றியில் சந்தோஷப்படுவதா, ஆறுதல் சொல்வதா என்று தெரியாமல் நின்றாள்.

"இன்னைக்கே ஒண்ணு ஏத்திப் பாக்கச் சொன்னாங்க" என்றார் அவர். "துணி துவைக்கிற மெஷின். மூணு மாடி. நான் மேல, அவன் கீழ. ஒரு படிக்கு ஒரு படி அவன் 'அண்ணே, கால் சரியா? அண்ணே, கால் சரியா?'ன்னு கேட்டுக்கிட்டே வர்றான். ரெண்டாவது மாடித் திருப்பத்துல படியைப் பாக்கக் குனிஞ்சான் பாரு..." அடுப்பை அணைத்தார். தோள் குலுங்கியது. "பத்து வருசம் கூடச் சுமந்திருக்கேன். அவன் உச்சந்தலையை இன்னைக்குத்தாம்மா முதல்ல பாக்குறேன். நடுவுல இந்தா, இந்தத் தட்டு அளவுக்கு வழுக்கை! உயரத்துலயே மறைச்சு வெச்சிருந்திருக்கான் பய. எல்லாரும் எதையோ ஒளிச்சுத்தான் வெச்சிருக்கோம்."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து முடித்தபோது கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

முட்டையைப் பாதியாக வெட்டி இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். அவர் தட்டுகளை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போனார். குழாயைத் திறந்தார். தண்ணீர் தட்டின் மேல் முத்து முத்தாக உருண்டது.

"சோப்பு எங்கம்மா?" என்றார்.

"இந்தாங்க. கீழ போட்டுராதீங்க" என்று அவள் எடுத்துக் கொடுத்தாள்.